கடவுள் உண்டா? நான் எதற்காக இருக்கிறேன்? இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்ப்போம்

பிளஸ் டூ படிக்கிற பிள்ளை ஒரு நாள் திடீரென்று, "சாமின்னு ஒண்ணு நெஜமாவே இருக்கா?" என்று கேட்கும். நெய்வேலியில் காலமெல்லாம் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர், குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வந்த சில மாதங்களில், "இனிமே காலையில எதுக்கு எழுந்திருக்கணும்?" என்பார். காரியம் முடிந்து பந்தல் பிரித்த வீட்டில் ஓர் அம்மா இரண்டையும் சேர்த்தே கேட்பார்: "அந்தச் சாமிக்குக் கண்ணில்லையா? நான் இன்னும் எதுக்கு இருக்கேன்?"

பிள்ளை கேட்பது உலகத்தைப் பற்றிய கேள்வி. இந்த உலகத்துக்குப் பின்னால் அறிவும் அன்பும் உள்ள ஒரு பேராற்றல் உண்டா, இல்லையா? ஓய்வு பெற்றவர் கேட்பது அவருடைய வாழ்க்கையைப் பற்றியது. மிச்சமிருக்கும் நாட்களை எதன்பொருட்டு வாழ்வது? முன்னதைத் தத்துவத்தில் கடவுள் உண்மை பற்றிய கேள்வி என்பார்கள். பின்னது வாழ்க்கையின் அர்த்தம் பற்றிய கேள்வி.

நம் வீடுகளில் இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிடுகிறோம். சாமி நம்பிக்கை இல்லாதவனுக்கு வாழ்க்கையில் என்ன பிடிப்பு இருக்கும் என்று ஒரு பக்கம். மனசு சரியில்லையா, கோயிலுக்குப் போ, எல்லாம் சரியாகிவிடும் என்று இன்னொரு பக்கம். இரண்டு கேள்விகளுக்கும் உறவு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முதல் கேள்வி தீர்ந்தால்தான் இரண்டாவதைத் தொட முடியும் என்பது சரியில்லை. இதை விளக்க வெகுதூரம் போக வேண்டாம். கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலேயே இந்தக் கேள்விகளோடு மல்லுக்கட்டியவர்கள் வரிசையாக இருக்கிறார்கள்.

முதலில், எந்தக் கடவுள்?

'கடவுள் உண்டா' என்று விவாதிக்கிற இருவர் பல நேரம் இரண்டு வேறு கடவுள்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அதனால் இங்கிருந்து தொடங்குவது நல்லது.

புதுச்சேரி மணக்குள விநாயகர் நாம் பெயர் சொல்லி அழைக்கிற, வேண்டினால் கேட்கிற, உருவமுள்ள கடவுள். ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் தூய இருதய ஆண்டவர் பேராலயத்தில் வணங்கப்படுபவரும் நம் வேண்டுதலைக் கேட்பவர்தான். ஆனால் உலகத்தை ஒன்றுமில்லாத நிலையிலிருந்து படைத்த ஒரே கடவுள் அவர் என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. மசூதியில் தொழப்படும் இறைவனுக்கு உருவமே கிடையாது. மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்துக்கும் வைத்திக்குப்பத்துக்கும் சுற்றுப்பட்ட ஊர்ச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்குக் கடலுக்கு வரும்போது, மனிதர்களைப் போலவே பயணம் போய்க் குளித்துத் திரும்புகிற கடவுள்களைப் பார்க்கிறோம்.

அப்புறம் சிதம்பரம். சிற்றம்பலத்தில் நடராசருக்குப் பக்கத்தில் ஒரு திரை இருக்கும். தீட்சிதர் அதை விலக்கிக் காட்டும்போது உள்ளே தங்க வில்வ மாலை தொங்கும். சிலை எதுவும் இருக்காது, வெட்டவெளிதான். அந்த வெளியைத்தான் சிதம்பர ரகசியம் என்கிறோம். இறைவன் ஆகாயமாக இருக்கிறான் என்பது அங்கே சொல்லப்படும் செய்தி. அங்கிருந்து வடக்கே வந்தால் வடலூர். சத்திய ஞான சபையில் ஏழு நிறத் திரைகளுக்குப் பின்னால் ஜோதி. தைப்பூசத்தன்று ஏழு திரைகளையும் ஒவ்வொன்றாக விலக்கிக் காட்டுவார்கள். ஆன்மாவை மறைக்கும் அறியாமையின் அடுக்குகள்தான் அந்தத் திரைகள் என்பது விளக்கம். இங்கே கடவுள் எங்கோ மேலே இருப்பவர் இல்லை, நமக்குள்ளே மறைந்திருக்கும் ஒளி.

ஆகவே "எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை" என்று ஒருவர் சொன்னால், எந்தக் கடவுள்மேல் என்று கேட்டுப் பாருங்கள். வேண்டுதலுக்குப் பதில் தருகிற கடவுளை நம்பாத ஒருவர், உலகை இயக்கும் ஓர் ஒழுங்கை மனதார ஏற்பவராக இருக்கலாம். கடவுள் உண்டு என்பவரை ஆத்திகர் என்றும் இல்லை என்பவரை நாத்திகர் என்றும் சொல்கிறோம். இதை மனித அறிவால் முடிவு செய்ய முடியாது என்று சொல்கிற மூன்றாவது கூட்டமும் உண்டு. அறியொணாவாதிகள் என்று அவர்களுக்குப் பெயர். யாரைக் கேட்டாலும் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துதான் ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதால், இந்த மூன்றாமவர்கள் நம் ஊரில் வெளியே தெரிவதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'கடவுள் இருக்கிறார்' என்று ஒத்துக்கொள்வது வேறு, 'கடவுளே, உன்னை நம்பித்தான் இருக்கிறேன்' என்பது வேறு. முன்னது ஒரு கருத்து. பின்னது ஓர் உறவு. வாதத்தில் தோற்று ஆத்திகரானவரைப் பார்ப்பது அரிது. பெரும்பாலானவர்களுக்கு நம்பிக்கை அம்மா நெற்றியில் இட்ட திருநீற்றிலிருந்தோ, ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலிருந்தோ, அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போன தொழுகையிலிருந்தோ வந்ததுதான். அது ஒரு குறையாகாது. ஆனால் காரணம் கேட்கிற வயது வரும்போது, காரணங்களும் கைவசம் இருக்க வேண்டும்.

கடவுள் உண்டு என்பவர்கள் சொல்லும் காரணங்கள்

கடலூர் மாவட்டத்துப் பெண்ணாடத்தில் பிறந்தவராகச் சொல்லப்படும் மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூலான சிவஞானபோதத்தைத் தந்தார். வெறும் பன்னிரண்டு சூத்திரங்கள். முதல் சூத்திரமே கடவுள் உண்டு என்பதற்கான வாதம். அவன், அவள், அது என்று சுட்டப்படும் எல்லாம் தோன்றுகின்றன, நிற்கின்றன, அழிகின்றன. அப்படிப்பட்ட பகுதிகளால் ஆன உலகமும் தோன்றி ஒடுங்குவதாகத்தான் இருக்க வேண்டும். தானாகத் தோன்றத் தெரியாத ஒன்றைத் தோற்றுவிக்க அறிவுள்ள ஒருவன் வேண்டும். இதற்கு நம் தத்துவ நூல்கள் வழக்கமாகக் காட்டும் உதாரணம் குடமும் குயவனும். வில்லியனூரில் மண் தானாகத் திரண்டு பானையாவதில்லை, சக்கரத்தின் முன்னால் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் அல்லவா, அதுபோல.

மறுப்பவர்கள் உடனே மூன்று கேள்வி கேட்பார்கள். பானைகள் உருவாவதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம், உலகங்கள் உருவாவதை யார் பார்த்தது? பகுதிகளுக்குப் பொருந்துவது முழுமைக்கும் பொருந்தும் என்று எப்படிச் சொல்வது? அப்புறம், கடவுளைப் படைத்தது யார்? மூன்றாவது கேள்விக்குச் சைவ சித்தாந்தத்தில் பதில் இருக்கிறது: தோன்றுவதற்குத்தான் தோற்றுவிப்பவன் வேண்டும், தோன்றாததற்கு வேண்டாம். முதல் இரண்டு கேள்விகளும் எனக்கு வலுவாகவே படுகின்றன. இந்த வாதம் ஒருவரை யோசிக்க வைக்கும். அதை மட்டும் வைத்து முடிவுக்கு வருவது கஷ்டம்.

பிரெஞ்சுக் கணிதவியலாளர் பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டில் வேறு வழியில் போனார். கடவுள் உண்டா என்று நிரூபிக்க முடியாது, ஆனால் உண்டு என்று பந்தயம் கட்டினால் ஜெயித்தால் எல்லாம் கிடைக்கும், தோற்றால் இழப்பு சொற்பம் என்றார். இது நம்பிக்கையை லாப நட்டக் கணக்காக்குகிறது. எந்த மதத்தின் கடவுள்மேல் கட்டுவது என்பதற்கும் இதில் விடை இல்லை. எனக்கு இந்த வாதத்தின் மேல் பெரிய மரியாதை வரவில்லை.

நேரடி அனுபவம் அப்படியல்ல. அரவிந்தர் அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் கைதாகிச் சிறையில் இருந்தபோது, எங்கும் கடவுளையே கண்டதாக 1909ஆம் ஆண்டு உத்தர்பாராவில் பேசினார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 4ஆம் தேதி புதுச்சேரிக்கு வந்தார். 1950இல் மறையும் வரை இந்த ஊரை விட்டுப் போகவில்லை. ஒரு மனிதரின் வாழ்க்கையே திசைமாறி நாற்பது வருடம் அப்படியே நின்றது என்றால், அவருக்குள் ஏதோ நடந்திருக்கிறது. அது கடவுள்தானா, மனதின் ஆழ்ந்த நிலையா என்று வெளியிலிருந்து பார்க்கிற நம்மால் சொல்ல முடியாது. அனுபவம் அதைப் பெற்றவருக்குச் சான்று. மற்றவருக்கு அது செய்திதான்.

துன்பம் எழுப்பும் கேள்வி

இல்லை என்பவர்கள் சொல்லும் காரணங்களில் மிகப் பழையதும் மிகக் கனமானதும் இதுதான். கடவுள் எல்லாம் வல்லவர் என்றால் துன்பத்தைத் தடுக்க முடியும். எல்லையற்ற அன்புடையவர் என்றால் தடுக்க விரும்புவார். ஆனாலும் துன்பம் இருக்கிறதே?

கடலூர்க்காரர்களுக்கு இது ஏட்டுக் கேள்வி கிடையாது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமைக் காலை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம் என்று கரையோரக் குப்பங்களில் கடல் ஏறியது. மாவட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், குழந்தைகள் ஏராளம். கடலைத் தாயென்று கும்பிடுகிற மக்களை அந்தக் கடலே வாரிக்கொண்டு போனது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. தாத்தா வைத்த பலாமரம் பேரன் கண்ணெதிரே விழுந்து கிடந்தது. யார் செய்த தவறு அது?

இதே கேள்வியை ஐரோப்பா 1755இல் கேட்டது. நவம்பர் 1, எல்லாப் புனிதர்களின் திருநாள். லிஸ்பன் நகரத்துத் தேவாலயங்களில் மக்கள் கூடியிருந்த நேரத்தில் பூமி நடுங்கியது, பிறகு கடல் பொங்கியது, பிறகு தீ. இருக்கக்கூடிய உலகங்களிலேயே மிகச் சிறந்த உலகத்தைத்தான் கடவுள் படைத்தார் என்ற ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸின் கருத்தை, அதற்குப் பிறகு பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் கடுமையாகத் தாக்கி எழுதினார்.

சமயங்கள் தரும் பதில்கள் ஒரே மாதிரி இல்லை. கிறிஸ்தவ மரபில் ஒரு முக்கியமான பதில், மனிதனுக்குச் சுதந்திரம் கொடுத்தால் தீமைக்கும் இடம் கொடுத்ததாகத்தான் ஆகும் என்பது. கொலைக்கும் திருட்டுக்கும் இது பொருந்தும். சுனாமிக்குப் பொருந்துமா? மனிதனின் சுதந்திரத்துக்கும் கடலடி நிலநடுக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? அதனால்தான் அந்த மரபில் இன்னொரு பதில் கூடவே வருகிறது: கடவுள் துன்பத்துக்கு வெளியே நின்று பார்க்கவில்லை, சிலுவையில் தானே அதை அனுபவித்தார். இது விளக்கமாகச் சொல்லப்படுவதை விடத் துணையாகச் சொல்லப்படுகிறது என்பேன்.

சைவ சித்தாந்தத்தின் பதில் பலருக்கும் தெரியாதது. பதி என்ற இறைவன், பசு என்ற உயிர், பாசம் என்ற கட்டு மூன்றும் தொடக்கம் இல்லாதவை. அதாவது இறைவன் உயிர்களைப் படைக்கவில்லை, உயிர்களைப் பற்றியிருக்கும் ஆணவ மலத்தையும் படைக்கவில்லை. அது செம்பில் களிம்புபோல என்றைக்குமே இருப்பது என்று சாத்திரம் சொல்லும். உயிர்கள் அந்த அழுக்கிலிருந்து விடுபடத்தான் இறைவன் உலகத்தையும் உடம்பையும் தருகிறான். இப்படிப் பார்த்தால் 'நல்ல கடவுள் ஏன் தீமையைப் படைத்தார்' என்ற கேள்வியே எழாது, அவர் படைக்கவில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. எல்லாவற்றுக்கும் மூலம் அவர் ஒருவரே என்று சொல்ல முடியாது.

அப்புறம் வினைக்கொள்கை. முன்செய்த வினைதான் இன்று வந்து சேர்கிறது என்பது. தனக்கு வந்த துன்பத்தைத் தாங்க ஒருவர் இதைச் சொல்லிக்கொண்டால் அதில் குறுக்கிட நமக்கு உரிமை இல்லை. ஆனால் பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாயிடம் போய், "எல்லாம் போன ஜென்மத்து வினை" என்று சொல்வது கொடுமை. அந்த இடத்தில் எந்தத் தத்துவமும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், சோறு கொண்டுபோய்க் கொடுத்தால் போதும்.

இந்தக் கேள்விக்கு முழுத் திருப்தி தரும் பதிலை நான் எந்தப் பக்கத்திலும் பார்த்ததில்லை. ஆத்திகருக்கு இது தீராத கடன். நாத்திகருக்கு இது தர்க்கத்தில் தீர்ந்துவிடுகிறது, ஆனால் துக்கம் தீருவதில்லை. துன்பத்தைக் கண்டு நம்பிக்கை இழந்தவர்களும் உண்டு, துன்பத்தில்தான் நம்பிக்கை பெற்றவர்களும் உண்டு. கடலூர் மண்ணின் மிகப் பெரிய உதாரணம் இரண்டாவது வகை. அவருடைய கதைக்குத்தான் வருகிறேன்.

திலகவதியார் எதற்காக உயிரோடு இருந்தார்

பண்ருட்டிக்கு அருகே திருவாமூர். ஏழாம் நூற்றாண்டு. அப்பர் என்று நாம் அழைக்கும் திருநாவுக்கரசரின் ஊர். இயற்பெயர் மருள்நீக்கியார். அவர் கதையை எல்லோரும் அவரிடமிருந்து தொடங்குவார்கள். அக்கா திலகவதியாரிடமிருந்து தொடங்க வேண்டும் என்பது என் விருப்பம்.

பெரியபுராணம் சொல்கிறபடி, திலகவதியாருக்குக் கலிப்பகையார் என்ற படைத்தலைவரை மணம் பேசியிருந்தார்கள். அவர் போருக்குப் போனார். அதற்குள் தந்தை இறந்தார், அந்தத் துயரில் தாயும் போனார். அடுத்துப் போர்க்களத்தில் கலிப்பகையார் இறந்த செய்தி வந்தது. திலகவதியாரும் உயிரை விடத் துணிந்தார். சிறுவனான தம்பி அவர் காலில் விழுந்து, நீயும் போனால் நானும் போய்விடுவேன் என்று அழுதான். தம்பி உயிரோடு இருக்க வேண்டும் என்ற அந்த இரக்கம் அவரைத் தடுத்தது. சேக்கிழார் இதை 'தம்பியார் உளராக வேண்டும்' என்கிறார்.

அந்த நேரத்தில் அவருக்கு உலகத்தின் நோக்கம் புரிந்துவிடவில்லை. ஏன் இப்படி நடந்தது என்பதற்கு விடை கிடைக்கவில்லை. ஒரு சிறுவனுக்குச் சோறு போட ஆள் வேண்டும், அவ்வளவுதான். அது போதுமானதாக இருந்தது.

தத்துவத்தில் இங்கே ஒரு முக்கியமான பிரிவினை உண்டு. இந்தப் பிரபஞ்சமும் மனித இனமும் எதற்காக என்று கேட்பது ஒரு வகை அர்த்தம். என் வாழ்க்கைக்குள்ளே அர்த்தம் இருக்கிறதா என்று கேட்பது இன்னொரு வகை. முதல் வகைக்குக் கடவுள் உண்டா என்ற கேள்வி நேரடியாகத் தேவைப்படுகிறது. இரண்டாவது வகைக்கு அப்படி இல்லை. அதை ஆராயும் உளவியலாளர்கள் மூன்று இழைகளைப் பிரித்துக் காட்டுகிறார்கள். என் வாழ்க்கை எனக்குப் புரிகிறதா? அதற்கு ஒரு திசை இருக்கிறதா? நான் இருப்பது யாருக்காவது, எதற்காவது பொருட்டா? ஓய்வு பெற்ற அந்த மனிதருக்கு முதல் இழை அறுபடவில்லை. வாழ்ந்த வாழ்க்கை அவருக்கு நன்றாகவே புரிகிறது. அறுந்தது இரண்டாவதும் மூன்றாவதும். அவரிடம் போய்க் கடவுள் உண்டு என்று நிரூபித்தால், அடுத்த நாள் காலையில் எழுந்திருக்க அது ஒரு காரணமாகிவிடுமா?

வியன்னாவைச் சேர்ந்த மனநல மருத்துவர் விக்டர் பிராங்க்ள், யூதர். நாஜி முகாம்களில் அடைக்கப்பட்டார், ஆஷ்விட்ஸ் அதில் ஒன்று. தாய், தந்தை, சகோதரர், மனைவி என்று குடும்பத்தை இழந்தார். வெளியே வந்தபின் அவர் சொன்னது, மனிதன் அர்த்தத்தைக் கண்டடையும் வழிகள் மூன்று: ஒரு வேலையைச் செய்து முடிப்பதில், ஒருவரை நேசிப்பதில், மாற்ற முடியாத துன்பம் வந்தால் அதை எப்படி எதிர்கொள்கிறோம் என்பதில். வாழ்க்கையிடம் 'உனக்கு என்ன அர்த்தம்' என்று நாம் கேட்பதை விட, வாழ்க்கைதான் நம்மைக் கேட்கிறது, நாம் பதில் சொல்ல வேண்டும் என்பது அவர் பார்வை. திலகவதியாரிடம் வாழ்க்கை ஒரு சிறுவனின் உருவில் கேட்டது.

பிறகு தம்பி என்ன ஆனான்? சமணத்தில் சேர்ந்தான். பாடலிபுரம் என்ற, இன்றைய கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் இருந்த பள்ளியில் தருமசேனர் என்ற பெயரோடு தலைமை நிலைக்கு உயர்ந்தான். சமணத்தில் உலகைப் படைத்த கடவுள் கிடையாது. ஆனால் கொல்லாமை, துறவு, உயிரின் விடுதலை என்று வாழ்க்கைக்குக் கறாரான நோக்கம் உண்டு. படைப்புக் கடவுள் இல்லாமலும் வாழ்க்கைக்கு அர்த்தம் இருக்க முடியும் என்பதைப் பெரிய சமயங்கள் இரண்டு, சமணமும் பௌத்தமும், ஈராயிரம் ஆண்டுக்கு மேலாகக் காட்டிக்கொண்டிருக்கின்றன. இதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

தருமசேனருக்குச் சூலை நோய் வந்தது. வயிற்றைப் புரட்டும் வலி. மருந்தும் மந்திரமும் பலிக்காமல், திருவதிகையில் கோயிலைப் பெருக்கி மெழுகிக்கொண்டிருந்த அக்காவிடம் வந்தார். திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு, வீரட்டானேசுவரர் முன்னால் நின்று பாடியதுதான் அவருடைய முதல் பதிகம். பின்னால் அவர் சொன்ன ஒரு வரியை இந்தக் கட்டுரைக்கு நடுநாயகமாக வைப்பேன்: 'தன்கடன் அடியேனையும் தாங்குதல், என்கடன் பணிசெய்து கிடப்பதே.' தாங்குவது அவன் வேலை, அதை நான் சரிபார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. என் வேலை என் முன்னால் கிடக்கிறது. கையில் உழவாரப் படையோடு ஊர் ஊராகப் போய்க் கோயில் முற்றங்களில் புல் செதுக்கியவர் சொன்னது இது.

நம்பாதவர்களின் வாழ்க்கை

1944இல் கடலூரில் பெரியார் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தபோது அவர்மேல் செருப்பு வீசினார்கள். பின்னாளில் அந்த இடத்திலேயே அவருக்குச் சிலை வைக்கப்பட்டது. கடவுள் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர் தொண்ணூறு வயதைத் தாண்டியும், உடல் தளர்ந்த நிலையிலும், கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசினார். பிறப்பால் யாரும் தாழ்ந்தவரில்லை என்பதற்காக ஒரு முழு வாழ்க்கை. அவர் கருத்துகளை ஏற்காதவரும் அந்த வாழ்க்கைக்குத் திசை இல்லை என்று சொல்ல முடியாது.

புதுச்சேரியில் பாரதிதாசன் கடந்த பாதை அப்பர் கடந்ததற்கு நேர் எதிர். கனகசுப்புரத்தினமாக இருந்த தொடக்க நாட்களில் மயிலம் முருகன்மேல் பக்திப் பாடல் எழுதியவர், சுயமரியாதை இயக்கத்துக்கு வந்தபின் நாத்திகரானார். அதனால் அவருடைய பாட்டில் உயிர் குறைந்துவிடவில்லை. தமிழ், பெண் கல்வி, உழைப்பாளியின் உரிமை என்று எழுதிக் குவித்தார். அரவிந்தரும் அவரும் ஒரே சின்ன ஊரில், ஒரே காலத்தில் வாழ்ந்தார்கள்.

சரி, அப்படியென்றால் நம்பிக்கை எதையுமே கூடுதலாகத் தருவதில்லையா? தருகிறது. யாரும் பார்க்காத இடத்தில் நான் படும் பாட்டையும் ஒருவர் பார்க்கிறார் என்ற உறுதி. திருப்பாதிரிப்புலியூர்ப் பதிகத்தில் அப்பர் இறைவனைத் 'தோன்றாத்துணை' என்கிறார். கண்ணுக்குத் தெரியாமல் கூடவே வரும் துணை. மருத்துவமனை வராந்தாவில் நள்ளிரவில் உட்கார்ந்திருக்கிறவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அருகே இருந்து பார்த்தால்தான் புரியும். இறந்தவர் முற்றிலுமாக இல்லாமல் போய்விடவில்லை என்ற எண்ணமும் அப்படித்தான். நாத்திகம் இதற்கு ஈடாக எதையும் தர முடியாது, நேர்மையான நாத்திகர்கள் அதை ஒத்துக்கொள்கிறார்கள். அவர்கள் தருவது வேறு: வாழ்வு ஒன்றுதான், சரிசெய்ய வேண்டியதை இங்கேயே, இப்போதே சரிசெய் என்ற அவசரம். ஆறுதல் தருவதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. ஆறுதல் தருகிறது என்பதற்காக அது பொய்யென்றும் ஆகாது.

வடலூரில் எது முதலில் வந்தது

இரண்டு கேள்விகளையும் ஒரே ஆள் கையாண்ட விதத்தைப் பார்க்க வேண்டுமானால் வள்ளலாரிடம் போக வேண்டும். 1823இல் மருதூரில் பிறந்தவர். கடவுளை ஜோதியாகக் கண்டவர், அதைப் பற்றி ஆயிரக்கணக்கில் பாடியவர். அவருக்கு நம்பிக்கையில் எந்தக் குறையும் கிடையாது. அப்படிப்பட்டவர் வடலூரில் முதலில் எதைக் கட்டினார் தெரியுமா? 1867 மே 23 அன்று சத்திய தருமசாலையைத் தொடங்கினார். சாதி, மதம் பார்க்காமல் பசித்து வந்தவருக்குச் சோறு. ஜோதியை வணங்கும் ஞான சபை 1872 ஜனவரி 25 அன்றுதான் திறக்கப்பட்டது. ஏறக்குறைய ஐந்து வருடம் கழித்து.

உயிர்களிடம் காட்டும் இரக்கமே கடவுள் வழிபாடு என்பது அவர் எழுதியது. பசி வந்தவனுக்கு அறிவு மயங்குகிறது, கடவுளைப் பற்றிய நினைப்பே மறைந்துபோகிறது என்று பசியின் கொடுமையை அவர் அடுக்கிக்கொண்டே போவார். அதனால் அடுப்பு முதலில். அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. பெரிய அண்டாவில் சோறு வெந்துகொண்டே இருக்கும், பக்கத்துக் கிராமங்களிலிருந்து அரிசியும் காய்கறியும் வந்து இறங்கும், பந்தியில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். ஞான சபைக்கு உள்ளே போகத்தான் புலால் மறுத்தவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. சாப்பிட எந்த நிபந்தனையும் கிடையாது.

தேடலைத் தொடங்குகிற ஒருவருக்கு நான் சொல்லும் வரிசையும் அதுதான். கடவுள் உண்டா என்பதை அவசரமில்லாமல் யோசியுங்கள். பத்து வருடம் ஆகலாம், ஆகட்டும். மெய்கண்டாரையும் படியுங்கள், பெரியாரையும் படியுங்கள். இடையில் பதில் மாறினால் வெட்கப்பட ஒன்றுமில்லை, அப்பருக்கும் பாரதிதாசனுக்கும் மாறியது. ஆனால் எதற்காக இருக்கிறேன் என்ற கேள்விக்கு அவ்வளவு நாள் காத்திருக்கக் கூடாது. நாளைக்கு யாருக்கு நான் தேவைப்படுகிறேன் என்று பார்ப்பதே அதற்குத் தொடக்கம். ஓய்வு பெற்ற அந்த மனிதர் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கலாம். இத்தனை வருடம் இயந்திரங்களோடு பழகிய கை சும்மா இருக்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. எதிலும் பிடிப்பில்லை, தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறது, இது இரண்டு வாரத்துக்கு மேல் நீள்கிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதைத் தத்துவத் தேடல் என்று நினைத்துத் தனியாகச் சுமக்க வேண்டாம், பரிகாரம் செய்து நாளைக் கடத்தவும் வேண்டாம். மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாகத் தோன்றினால் இரண்டு வாரம் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றைக்கே யாரிடமாவது சொல்ல வேண்டும். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் உதவி இரவும் பகலும் கிடைக்கும். மருந்து எடுத்துக்கொண்டே கும்பிடலாம், மருந்து எடுத்துக்கொண்டே சந்தேகப்படலாம்.

கடைசியாக, வீட்டுக்குள் நடக்கிற சண்டை. பிள்ளைக்கு நம்பிக்கை போய்விட்டது, அம்மா அழுகிறார். அம்மாக்களுக்குச் சொல்வேன்: சாமி கும்பிடாத பிள்ளை கெட்டுப்போன பிள்ளை ஆகிவிடாது. அவன் கேட்கிற கேள்வி இந்த மண்ணில் மெய்கண்டார் காலத்திலிருந்து கேட்கப்படுவதுதான், அதைக் கேட்கிற அளவுக்கு அவன் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்கிறான். பிள்ளைகளுக்குச் சொல்வேன்: அம்மாவின் நம்பிக்கையை வாதத்தில் ஜெயிக்க வேண்டியதில்லை. மாசி மகத்துக்குக் கூட்டத்தில் தனியாகப் போக அவர் சிரமப்பட்டால், வண்டியில் கூட்டிக்கொண்டு போய், தீர்த்தவாரி முடியும் வரை கரையில் இருந்துவிட்டு வா. நீ நம்பித்தான் வந்தாயா என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை.